பரீட்சையில் தோற்ற துறைமுகக் குமாஸ்தா

சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே இருக்கிறது ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் ரெயில் 1856-ம் ஆண்டு புறப்பட்டது இங்கேதான். ஒரு பக்கம் கப்பல், ஒரு பக்கம் மீன்பிடி படகு, ஒரு பக்கம் பட்டறை, ஆலை. உழைத்துப் பிழைக்கும் மக்களின் ஊர்.

இந்த ராயபுரத்தில், அவ்வை அகாடமி என்னும் கல்வி நிலையத்தில், 1993-ம் ஆண்டு ஒரு காட்சிச்சாலை தொடங்கப்பட்டது. அது ராஜாவுக்காகத் தொடங்கியது அல்ல. மந்திரிக்காகவும் அல்ல. ஒரு குமாஸ்தாவின் ஞாபகமாகத் தொடங்கியது.

அந்தக் குமாஸ்தா பக்கத்துத் துறைமுக ஆபீசில் கணக்கு எழுதியவர். மாதச் சம்பளம் 30 ரூபாய். கல்லூரிப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றவர். உத்தியோகம் தேடி வீடு வீடாக அலைந்தவர்.

அவர் பெயர் சீனிவாச ராமானுஜன். உலகம் முழுவதும் கொண்டாடும் கணித மேதை!

உலகம் போற்றிய மேதை உள்ளூர்ப் பரீட்சையில் தோற்றது எப்படி? தோற்ற பிறகு அவரைக் கைதூக்கி விட்டவர்கள் யார்? பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் ஒவ்வொரு தாய் தந்தையும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

ஜவுளிக்கடைக் கணக்கர் மகன்

ராமானுஜன் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்தார். அது அவருடைய பாட்டி வீடு. வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில்.

தந்தை சீனிவாச அய்யங்கார் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். மாதம் சுமார் 20 ரூபாய் சம்பளம். தாய் கோமளத்தம்மாள். கோவிலில் பஜனை பாடுவார். அதிலும் கொஞ்சம் காசு கிடைக்கும். வயிற்றுக்கும் வாய்க்கும் சரியாக இருக்கும் குடும்பம்.

சிறு பையனாக இருந்தபோது அவரைச் சில காலம் சென்னையில் தாத்தா வீட்டில் விட்டிருந்தார்கள். சென்னைப் பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. போகமாட்டேன் என்று அடம் பிடித்தார். பையனைப் பள்ளிக்கு அனுப்ப ஒரு போலீஸ்காரரின் உதவியைக்கூடக் குடும்பத்தார் நாடினார்களாம். கடைசியில் பையன் கும்பகோணத்துக்கே திரும்பினான்.

அங்கே படிப்பு நன்றாக ஓடியது. 1897-ம் ஆண்டு நவம்பரில் ஆரம்பப் பள்ளிப் பரீட்சை நடந்தது. ஆங்கிலம், தமிழ், பூகோளம், கணக்கு ஆகிய பாடங்கள். ஜில்லாவிலேயே முதலாவதாக வந்தான் ராமானுஜன். அப்போது அவனுக்கு வயது 10 முடியவில்லை.

ஆக, அவருக்குப் பரீட்சை ஆரம்பத்தில் பகையாக இருக்கவில்லை. ஏழைப் பையனுக்கு நல்ல பள்ளிக்கூடத்தின் கதவைத் திறந்துவிட்டதே அந்தப் பரீட்சைதான். 1898-ல் டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

பாஸ் பண்ணினால் பணம்

அந்தக் காலத்துப் பரீட்சை எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

1862-ம் ஆண்டு இங்கிலாந்து சர்க்கார் ஒரு விதிமுறை கொண்டுவந்தது. பள்ளிக்கூடங்களுக்கு மானியம் சும்மா கிடையாது. அதிகாரி வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் படிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார். தேறிய பிள்ளைக்கு இவ்வளவு என்று பணம். தேறாத பிள்ளைக்குப் பணம் இல்லை.

கொஞ்ச காலத்தில் அந்த ஏற்பாடு கப்பலேறிச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இங்கேயும் பல பள்ளிகள் பரீட்சை முடிவுக்குத் தக்கபடி மானியம் வாங்கின. வாத்தியாரின் சோறு, பிள்ளையின் பரீட்சையில் தொங்கியது!

விளைவு என்ன? அதிகாரி எதைக் கேட்பாரோ அதையே வாத்தியார் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் கிளிப்பிள்ளை போல ஒப்பித்தார்கள். கேள்வி கேட்கும் பிள்ளைக்கு நேரம் இல்லை. தேறமாட்டான் என்று தோன்றும் பிள்ளை பாரமாகத் தெரிந்தான். வாத்தியார் கெட்டவர் அல்ல. அவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே!

1882-ல் நியமிக்கப்பட்ட ஹன்ட்டர் கமிஷன் இந்த ஏற்பாட்டை ஆராய்ந்தது. உயர்ந்த படிப்புக்கு இது ஆகாது என்று சொன்னது. ஆனாலும் சட்டென்று ஒழிந்துவிடவில்லை. 20-ம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான் மெல்ல மெல்ல மறைந்தது.

கல்லூரிப் பரீட்சைகளைச் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்தியது. அது 1857-ல் ஏற்பட்டது. முதலில் மெட்ரிகுலேஷன். அடுத்து எப்.ஏ. அதற்கு அப்புறம் பி.ஏ. கஞ்சம் முதல் திருநெல்வேலி வரை எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள்.

இதில் ஒரு நியாயம் உண்டு. பெரிய மனிதர் சிபாரிசு இல்லாத பையனும் மார்க்கு வாங்கினால் முன்னுக்கு வரலாம். அதே சமயம் ஒரு கண்டிப்பும் இருந்தது. எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும். ஒன்றில் தவறினாலும் பெயில்தான். இந்தக் கண்டிப்பில்தான் ராமானுஜன் சிக்கினார்.

டியூஷன் புத்தகம் செய்த மாயம்

1903-ம் ஆண்டு ராமானுஜன் கையில் ஒரு தடிமனான ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. எழுதியவர் கார் என்பவர். லண்டனில் மாணவர்களுக்கு டியூஷன் நடத்தியவர். கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவருக்காகத் தயாரித்த குறிப்புகளைத் திரட்டிப் புத்தகமாகப் போட்டிருந்தார். சுமார் 5,000 கணித உண்மைகள் வரிசையாக இருக்கும். விளக்கம் மிகக் குறைவு.

மற்றவர்களுக்கு அது பரீட்சைக் குறிப்பு. ராமானுஜனுக்கோ அது புதையல்! ஒவ்வொரு சூத்திரத்தையும் தாமே போட்டுப் பார்த்தார். ஏன் இப்படி வருகிறது என்று தாமே வழி கண்டுபிடித்தார். அதற்கு மேலும் போனார். கண்டதை எல்லாம் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தார்.

1904-ல் டவுன் பள்ளியில் பரிசளிப்பு விழா. கணிதத்துக்கு ரங்கநாத ராவ் பரிசு ராமானுஜனுக்குக் கிடைத்தது. தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி அய்யர் சபையின் முன் அவரைப் புகழ்ந்தார். இந்தப் பையனுக்கு நூற்றுக்கு நூறு கொடுத்தாலும் போதாது என்ற கருத்தில் பேசினார். அளவுகோல் சிறியது, பையன் பெரியவன் என்று அந்த ஆசிரியர் அன்றே கண்டுகொண்டார்.

பறிபோன உபகாரச் சம்பளம்

மெட்ரிகுலேஷன் தேறியாயிற்று. கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். சுப்பிரமணியம் உபகாரச் சம்பளமும் கிடைத்தது. சம்பளம் கட்டாமல் படிக்கலாம்.

ஆனால் ராமானுஜன் மனம் கணிதத்திலேயே மூழ்கியிருந்தது. சரித்திர வகுப்பில் உட்கார்ந்திருப்பார். கை கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். ஆங்கிலக் கட்டுரையில் பெயில் ஆனார். உபகாரச் சம்பளம் நின்றுபோயிற்று.

தாய் கோமளத்தம்மாள் நேரே பிரின்சிபாலிடம் போனார். என் மகனைப்போலக் கணக்குப் போட யாருக்குத் தெரியும் என்று வாதாடினார். பிரின்சிபால் மரியாதையாகக் கேட்டார். ஆனால் இரங்கவில்லை. விதி விதிதான் என்று சொல்லிவிட்டார்.

கல்லூரிச் சம்பளம் ஒரு பருவத்துக்கு 32 ரூபாய். தந்தையின் ஒன்றரை மாதச் சம்பளம்! எங்கே போவது?

1905-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ராமானுஜன் வீட்டைவிட்டு ஓடிப்போனார். வயது 17. ரெயில் ஏறி விசாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தார். பெற்றோர் துடித்தார்கள். பையனைக் காணவில்லை என்று பத்திரிகையில் செய்தி வந்தது. பிறகு எப்படியோ வீடு திரும்பினார்.

பரீட்சையில் தோற்ற பிள்ளை வீட்டைவிட்டுப் போவது இன்றைக்கு ஏற்பட்ட வழக்கம் அல்ல. அன்றே இருந்தது. அந்தப் பிள்ளை திரும்பி வந்ததனால் உலகத்துக்கு ஒரு மேதை கிடைத்தார்.

இரண்டு முறை பெயில்

1906-ல் சென்னைக்கு வந்தார். ஜார்ஜ் டவுனில் பாட்டி வீட்டில் தங்கினார். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அந்தக் கல்லூரி ஜார்ஜ் டவுன் ஓரத்திலேயே இருந்தது.

அங்கே ராமானுஜாச்சாரியார் என்ற கணித ஆசிரியர் இருந்தார். கரும்பலகையில் ஒரு கணக்கைப் பத்துப் பன்னிரண்டு வரிகளில் போடுவார். ராமானுஜன் எழுந்து அதையே மூன்று நான்கு வரிகளில் முடிப்பார். ஆசிரியர் கோபிக்கவில்லை. ஆச்சரியப்பட்டார். சிங்காரவேலு முதலியார் என்ற பேராசிரியரோ ராமானுஜனைச் சரிசமமாக உட்கார வைத்துக்கொண்டார். கணித சஞ்சிகைகளில் வரும் கடினமான கணக்குகளை இருவரும் சேர்ந்து போட்டார்கள்.

ஆனால் கணிதத்தைத் தவிர ஆங்கிலமும் உண்டு. சமஸ்கிருதம் உண்டு. கிரேக்க, ரோமானிய சரித்திரம் உண்டு. உடற்கூறு சாஸ்திரமும் உண்டு. வயிற்றுக்குள் சோறு எப்படிச் செரிக்கிறது என்பதை எழுத வேண்டும். ராமானுஜனுக்கு அந்தப் பாடம் எட்டிக்காயாகக் கசந்தது. அதில் மிகக் குறைந்த மார்க்கே வாங்கினார். போதாக்குறைக்குச் சீதபேதி வேறு வந்து படுத்தது. மூன்று மாதம் படிப்பு கெட்டது.

1906 டிசம்பரில் எப்.ஏ. பரீட்சை எழுதினார். பெயில். 1907-ல் மறுபடியும் எழுதினார். மறுபடியும் பெயில்!

பச்சையப்பன் கல்லூரி ஆசிரியர்களுக்கு அவருடைய மூளையின் அருமை தெரியும். ஆனால் அவர்களால் என்ன செய்ய முடியும்? கேள்வித்தாள் பல்கலைக்கழகத்தினுடையது. மார்க்கு போடுகிறவர் யாரோ. தினமும் பையனைப் பார்த்த ஆசிரியரின் வார்த்தைக்கு முடிவுப் பட்டியலில் இடம் இல்லை. பரீட்சை ஒன்றே நீதிபதியாகிவிட்டால், ஆசிரியர் வெறும் சாட்சி ஆகிவிடுகிறார். அந்தச் சாட்சியையும் யாரும் கூப்பிடுவது இல்லை.

வேலை தேடிய நாட்கள்

அடுத்த சில ஆண்டுகள் ராமானுஜன் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. கையில் பட்டம் இல்லை. டியூஷன் சொல்லிக் கொடுக்கப் போனார். அதுவும் நிலைக்கவில்லை. மாணவன் பரீட்சைக்கு வேண்டியதைக் கேட்பான். இவர் அதைத் தாண்டி எங்கேயோ போய்விடுவார்.

1909 ஜூலையில் கலியாணம் நடந்தது. மணப்பெண் ஜானகி சிறு பெண். குடும்பப் பொறுப்பு வந்துவிட்டது. நோட்டுப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலை தேடப் புறப்பட்டார்.

1910-ல் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே வி. ராமசாமி அய்யர் டெபுடி கலெக்டராக இருந்தார். 1907-ல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். நோட்டுகளைப் புரட்டினார். திகைத்துப்போனார். இப்பேர்ப்பட்டவரைத் தாலுகா ஆபீசின் கடைசிப் படியில் உட்கார வைப்பது பாவம் என்று நினைத்தார். சென்னையில் உள்ள கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

இப்படிக் கைமாறிக் கைமாறி, நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் போய்ச் சேர்ந்தார். ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1911-ல் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் ராமானுஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. பிறர் பணத்தில் காலம் தள்ள ராமானுஜனுக்கு மனம் இல்லை. உத்தியோகம் வேண்டும் என்றார்.

துறைமுகத்தில் கிடைத்த வாழ்வு

1912-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி சென்னைத் துறைமுக ஆபீசுக்கு மனுப் போட்டார். மெட்ரிகுலேஷன் தேறியிருப்பதாகவும், எப்.ஏ. வரை படித்திருப்பதாகவும், எதிர்பாராத தடைகளால் மேலே படிக்க முடியாமல் போனதாகவும் எழுதினார். மார்ச் 1-ந் தேதி வேலை கிடைத்தது. கணக்குப் பிரிவில் குமாஸ்தா. சம்பளம் 30 ரூபாய்.

தங்கிய இடம் ஜார்ஜ் டவுன் சைவ முத்தையா முதலித் தெரு. அங்கேயிருந்து கடற்கரையில் உள்ள ஆபீசுக்கு நடந்தே போவார்.

காகிதம் வாங்கக் காசு இல்லை. கற்பலகையில்தான் கணக்குப் போடுவார். முழங்கையால் அழிப்பார். மறுபடியும் எழுதுவார். முழங்கை கறுத்துப்போயிற்று. துறைமுகத்தில் சாமான் கட்டி வரும் காகிதத்தைப் பொறுக்கி எடுத்து அதிலும் கணக்கு எழுதுவாராம்.

அவருடைய அதிர்ஷ்டம், ஆபீசிலே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். பெரிய எஞ்சினீயர். கோதாவரி ஆற்றுக்கு ரெயில் பாலம் கட்டியவர். சென்னைத் துறைமுகத்தின் வாசலையே மாற்றி அமைத்தவர். மற்றொருவர் மேலதிகாரி எஸ். நாராயண அய்யர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர்.

நாராயண அய்யர் மாலை வேளையில் ராமானுஜனை உட்கார வைத்துக்கொள்வார். இருவர் கையிலும் கற்பலகை. ராமானுஜன் இரண்டே வரியில் விடையை எழுதிவிடுவார். நாராயண அய்யர் விடமாட்டார். நடுவில் உள்ள படிகளை எழுதச் சொல்வார். எனக்கே விளங்காவிட்டால் மற்றவர்களுக்கு எப்படி விளங்கும் என்று சொல்லித் திருத்துவார். மார்க்கு இல்லை, மணி அடிப்பது இல்லை, பாஸ் பெயில் இல்லை. ராமானுஜனுக்கு உண்மையான பாடம் நடந்தது அங்கேதான்!

ஒரு கதையும் சொல்வார்கள். ஒரு நாள் ஆபீஸ் கட்டுக்குள் கணிதம் எழுதிய தாள்கள் இருந்தன. ஸ்பிரிங் துரை பார்த்தார். நாராயண அய்யர்தான் ஆபீஸ் நேரத்தில் கணக்குப் போடுகிறார் என்று நினைத்துக் கூப்பிட்டு விசாரித்தார். கையெழுத்து ராமானுஜனுடையது என்று தெரிந்தது. துரை சிரித்துவிட்டார். வேலை போகவில்லை. மதிப்புத்தான் கூடியது.

கேம்பிரிட்ஜுக்குப் போன கடிதம்

1913 ஜனவரி 16-ந் தேதி ராமானுஜன் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். துறைமுகக் கணக்குப் பிரிவில் குமாஸ்தா என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதையும் மறைக்கவில்லை. கூடவே தாம் கண்ட கணித உண்மைகளைப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினார்.

ஹார்டி அதை நண்பர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து படித்தார். முதலில் சந்தேகம். பிறகு பிரமிப்பு. எழுதியவர் மகா மேதை என்று முடிவு கட்டினார்கள்.

இதற்கு இடையில் சென்னையிலும் ஒரு போராட்டம் நடந்தது. வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர் 1913 பிப்ரவரியில் துறைமுகத்துக்கு வந்தார். அவர் 1889-ல் கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சையில் முதலாவதாக வந்தவர். பரீட்சையில் முதலில் வந்தவர், பரீட்சையில் தோற்றவரின் கணக்கைப் பார்த்தார். இவருக்குச் சில ஆண்டுகளாவது பிழைப்புக் கவலை இல்லாமல் ஆராய்ச்சி செய்ய வசதி வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினார்.

பல்கலைக்கழகத்தில் விதி குறுக்கே நின்றது. ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் எம்.ஏ. பட்டம் பெற்றவருக்குத்தான் உண்டு. ராமானுஜனோ எப்.ஏ.கூடத் தேறாதவர். எப்படிக் கொடுப்பது?

ஐகோர்ட்டு நீதிபதி சுந்தரம் அய்யர் எழுந்தார். ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் நோக்கம் என்று சட்டத்தின் முகப்பிலேயே இருப்பதைச் சுட்டிக் காட்டினார். நோக்கத்துக்காகத்தான் விதியே தவிர, விதிக்காக நோக்கம் இல்லை என்ற நியாயம் வென்றது. ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் என்று முடிவாயிற்று. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆராய்ச்சி அறிக்கை கொடுத்தால் போதும். அதே ஆண்டு மே மாதம் முதல் அந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது.

கும்பகோணத்தில் விதியின் எழுத்து பார்க்கப்பட்டது. ஒரு பையன் வீட்டைவிட்டு ஓடினான். சென்னையில் விதியின் கருத்து பார்க்கப்பட்டது. ஒரு மேதை பிழைத்தார்.

சீமையில்

1914 மார்ச் 17-ந் தேதி நெவாசா என்ற கப்பலில் ராமானுஜன் சீமைக்குப் புறப்பட்டார். முன்பு மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதிய அதே துறைமுகத்திலிருந்து! பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்தது.

அங்கே ஒரு வேடிக்கை. ராமானுஜனை அழைத்த ஹார்டியே பரீட்சை முறையை வெறுத்தவர்! கேம்பிரிட்ஜில் கணிதப் பரீட்சை மிகப் பிரசித்தம். முதலாவதாக வந்தவர் பெயர் நாடு முழுவதும் பரவும். அதற்காக மாணவர்கள் தனி டியூஷன் ஆசிரியர்களிடம் ஆண்டுக் கணக்கில் உருப்போட்டார்கள். நல்ல கணிதம் பின்னால் தள்ளப்பட்டது. பரீட்சைக் கணிதம் முன்னால் வந்தது. ஹார்டியும் மற்றவர்களும் போராடினார்கள். முடிவில் முதலாவது, இரண்டாவது என்று வரிசைப்படுத்தி வெளியிடும் வழக்கம் நின்றது. அந்த வரிசைப் பட்டியல் கடைசியாக வந்தது 1909-ல். இது போதாது, அந்தப் பரீட்சையே வேண்டாம் என்று 1926-லும் ஹார்டி பேசினார்.

அப்படிப்பட்டவர் கையில் ராமானுஜன் அகப்பட்டது நல்ல காலம். விடுபட்டுப்போன பாடங்களை எல்லாம் வரிசையாக நடத்த ஹார்டி முயலவில்லை. நடத்தினால் ராமானுஜனின் சொந்த ஊற்று அடைபட்டுவிடுமோ என்று பயந்தார். வேண்டியதை மட்டும் சொல்லிக் கொடுத்தார். அவரிடமிருந்து தாம் கற்றது அதிகம் என்றும் ஒப்புக்கொண்டார்.

1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது. பரீட்சை எழுதி அல்ல, ஆராய்ச்சிக்காக! எதைப் பற்றிய ஆராய்ச்சி? 12 என்ற எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்களால் மீதி இல்லாமல் வகுக்கலாம். 12-க்குக் குறைந்த எந்த எண்ணையும் இத்தனை எண்களால் வகுக்க முடியாது. இப்படிப்பட்ட எண்களின் ரகசியத்தை அவர் ஆராய்ந்தார்.

இன்னொரு சாதனையும் பாருங்கள். 4 என்பதை எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 4, 3-ம் 1-ம், 2-ம் 2-ம், 2-ம் 1-ம் 1-ம், நான்கு 1. ஆக 5 விதம். 10-ஐ 42 விதமாகப் பிரிக்கலாம். 100-ஐ? 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 விதம்! எண் பெரிதாகப் பெரிதாக இந்தத் தொகை எப்படி வளர்கிறது என்பதற்கு ராமானுஜனும் ஹார்டியும் சூத்திரம் கண்டார்கள்.

1918-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அதே ஆண்டு டிரினிடி கல்லூரியும் கவுரவித்தது. இரண்டு தடவை எப்.ஏ. தோற்றவருக்கு இத்தனை பெருமை!

அணைந்த விளக்கு

உடல் மட்டும் ஒத்துழைக்கவில்லை. குளிர் தாங்கவில்லை. யுத்த காலம். சைவச் சாப்பாடு சரியாகக் கிடைக்கவில்லை. நோய் பற்றியது. ஆஸ்பத்திரியிலும் கணக்கு நிற்கவில்லை. பார்க்க வந்த ஹார்டி, தாம் ஏறி வந்த டாக்சியின் நம்பர் 1729 என்றார். இரண்டு கன எண்களின் கூட்டாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களிலே மிகச் சிறியது அது என்று படுத்தபடியே சொன்னார் ராமானுஜன். 12-ன் கனத்தையும் 1-ன் கனத்தையும் கூட்டுங்கள். 10-ன் கனத்தையும் 9-ன் கனத்தையும் கூட்டுங்கள். இரண்டும் 1729!

1919-ல் தாய்நாடு திரும்பினார். எலும்பும் தோலுமாக இருந்தார். ஜானகி அம்மாள் இரவு பகலாகப் பணிவிடை செய்தார். கடைசி நாட்களிலும் தாள் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டே இருந்தார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32.

அந்தக் கடைசித் தாள்கள் கடல் கடந்து கேம்பிரிட்ஜுக்குப் போயின. டிரினிடி கல்லூரி நூலகத்தில் கிடந்த அவற்றை 1976-ல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கண்டெடுத்தார். கணித உலகமே பரபரப்படைந்தது.

ராமானுஜன் சீக்கிரம் இறந்ததைவிடப் பெரிய சோகம் ஒன்று உண்டு என்று ஹார்டி கருதினார். வாலிபத்தின் அருமையான ஐந்து ஆண்டுகள் வீணாகிப் போனதே, அதுதான் அந்தச் சோகம்.

ஒரு வாத்தியார் செய்த கைங்கரியம்

ராமானுஜன் இறந்த பிறகும் ஓர் ஆசிரியர் அவரை மறக்கவில்லை. அவர் பி. கே. சீனிவாசன். துறைமுகத்துக்கு அருகே உள்ள முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர். ராமானுஜனின் கடிதங்களையும், அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் தேடிச் சேகரித்தார். 1968-ல் அவை அந்தப் பள்ளியின் பெயரிலேயே புத்தகமாக வந்தன. ராயபுரத்தில் காட்சிச்சாலை ஏற்பட்டதும் இவருடைய முயற்சியால்தான். கணக்கு என்றால் நடுங்கும் பிள்ளைகளுக்கு, காகிதத்தையும் குச்சியையும் வைத்து விளையாட்டாகக் கணிதம் சொல்லிக் கொடுப்பது அவருக்குப் பிடித்த வேலை. 2005-ல் அவர் காலமானார்.

பரீட்சை இன்றும் இருக்கிறது. அதன் பிடியும் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு மார்க்குக்காகப் பதினோராம் வகுப்புப் பாடத்தையே பல பள்ளிகள் தள்ளிவிட்டன. இதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2017-18 கல்வி ஆண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை வைத்தது. ஒரு பரீட்சை உண்டாக்கிய நோய்க்கு இன்னொரு பரீட்சை மருந்து! அதே 2017-ல் மாநிலத்தில் முதலாவது, இரண்டாவது என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசு நிறுத்தியது. கேம்பிரிட்ஜ் செய்ததை ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு நாமும் செய்தோம்.

பரீட்சையே கூடாது என்று சொல்ல முடியாது. திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளியின் மகளும், எண்ணூர் மீனவர் மகனும் சிபாரிசு இல்லாமல் மேலே வருவதற்கு அது ஏணி. பத்து வயது ராமானுஜனுக்கும் அது ஏணியாகத்தான் இருந்தது. ஆனால் ஏணியில் ஒரு படி தவறியவனைக் கீழே இருந்து தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும். ராமானுஜனுக்கு ஒரு நாராயண அய்யர் கிடைத்தார். கற்பலகையோடு பக்கத்தில் உட்கார்ந்தார். நடுவில் விட்ட படிகளை எழுதச் சொன்னார்.

உங்கள் பிள்ளை மார்க்குப் பட்டியலோடு தலை குனிந்து வாசலில் நின்றால், முதலில் உள்ளே கூப்பிட்டுச் சோறு போடுங்கள். எந்தப் பாடத்தில் தோற்றான் என்று கேட்பதற்கு முன்னால், எதில் அவனுக்கு ஆசை என்று கேளுங்கள்.